கையெழுத்துப் போடாத முதுகு

"என்ன திருடு போச்சு?" என்று கேட்டாள் கோரா பாஸ்கோ.

"ஒண்ணும் போகலை," என்றாள் ஹெல்வி.

"யாராவது மிரட்டறாங்களா?"

"இல்லை."

"உங்க வீட்டுக்காரருக்கு வேற எங்கயாவது..."

"அவரால குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாது மேடம். இதுல வேற எங்கயாவது வேறயா?"

டெல்மர் எடுத்த பேனாவை மறுபடி சட்டைப்பையில் செருகிக்கொண்டான். கோராவின் உதவியாளாகத் துப்பறியும் தொழிலில் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. நெஸ்டர்வில் ஊரில் இதுவரை அவன் கண்டுபிடித்துக் கொடுத்தவை ஒரு பனிச்சறுக்கு வண்டி, இரண்டு நாய்கள், ஒரு மாப்பிள்ளை. மாப்பிள்ளை தானாகவே திரும்பி வந்துவிட்டான் என்பது வேறு விஷயம். இதற்கு முன் பார்த்த வேலைகளிலிருந்தெல்லாம் டெல்மரை அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் அவன் வாய்தான். கோராவும் மாதத்துக்கு ஒரு தடவை அனுப்புவாள். மறுநாள் காலை காபி வாங்கிக்கொண்டு வந்து நிற்பான்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஹெல்வியின் சமையலறை. வெளியே டிசம்பர் பனி ஜன்னல் பாதி வரை ஏறியிருந்தது. பக்கத்து அறையில் டிவி அலறியது. அதன் எதிரே சாய்வு நாற்காலியில் கிடந்தவர் ஹெல்வியின் புருஷன் ரெய்னோ. நாற்பது வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர்.

"டெல்மரா அங்கே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "உன் மான் எப்படிடா இருக்கு? பால் மறந்துடுச்சா?"

டெல்மருக்கு முகம் சிவந்தது. நவம்பர் பதினைந்து மான் வேட்டை தொடங்கும் நாள். அமெரிக்காவின் வடக்கு ஓரமான இந்த மேல் மிச்சிகனில் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, கல்யாணம் கிடையாது, சாவு எடுப்பதைக்கூடத் தள்ளித்தான் வைப்பார்கள். சுட்ட மானைக் கொண்டுவந்து ஊர் நடுவில் நிற்கும் கம்பத்தில் தொங்கவிட வேண்டும். ரெய்னோவுக்கு முதுகு போன பிறகு காட்டுக்குள் போக முடியவில்லை. அதனால் விடியற்காலையிலேயே கம்பத்துக்கு அடியில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு மானையும் அதைச் சுட்டவனையும் இருட்டுகிற வரை கிண்டல் செய்வார். டெல்மர் தன் மானைத் தொங்கவிட்டபோது, அதன் அம்மாவுக்குத் தகவல் சொல்லியாச்சா என்று ஊரே கேட்கக் கேட்டார்.

"கண்டுக்காதே தம்பி," என்றாள் ஹெல்வி. "வலியில இருக்கிறவர். வாய் மட்டும்தான் வேலை செய்யுது."

"எனக்கும் அதே வியாதிதாங்க," என்றான் டெல்மர்.

கோரா மேஜையை விரலால் தட்டினாள். "விஷயத்துக்கு வாங்க ஹெல்வி."

ஹெல்வி குரலைத் தாழ்த்தினாள். "ஆறு வருஷம் முன்னாடி லாரி கவிழ்ந்துதே, அதுக்குக் கம்பெனி நஷ்டஈடு குடுத்துது. அதுல ஒரு பங்கைத் தனியா ஒரு கணக்குல போட்டு, அதுக்கு ஒரு அட்டை குடுத்தாங்க. அந்த முதுகுக்கு வைத்தியம் பார்க்க மட்டும்தான் அதைத் தொடணும். அது தீர்ந்த பிறகுதான் அரசாங்கத்தோட முதியோர் காப்பீடு, மெடிகேர், அந்த முதுகைத் திரும்பிப் பார்க்கும். அதுதான் ஒப்பந்தம்."

"தெரியும்." காப்பீட்டுக் கம்பெனியில் காயங்களை எடைபோட்டுக் கால் நூற்றாண்டு ஓட்டியவள் கோரா. "ஒதுக்குப் பணம். கம்பெனி உடைச்ச முதுகுக்கு அரசாங்கம் எதுக்கு முதல் ஆளா செலவு பண்ணணும்னு வெச்ச ஏற்பாடு. தீர்ந்துடுச்சா?"

"இந்த வாரத்தோட தீர்ந்துது. திங்கட்கிழமை ஆபரேஷன். இடது பாதத்துல உணர்ச்சியே இல்லை மேடம். நேத்து அடுப்புப் பக்கத்துல காலை வெச்சுட்டு உட்கார்ந்திருந்தார், காலுறை கருகற வாசனை எனக்குத்தான் வந்துது, அவருக்குத் தெரியலை. இன்னும் தள்ளிப்போட்டா அந்தக் கால் திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். திங்கட்கிழமையை விட்டா அடுத்த இடம் மே மாசம்."

"அப்ப போக வேண்டியதுதானே?"

"அந்தப் பணம் முழுக்க என் முதுகுக்குத்தான் செலவாச்சுன்னு அவர் ஒரு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான். போட்டா மெடிகேர் பார்த்துக்கும்." ஹெல்வி நிறுத்தினாள். "போட மாட்டேங்கறார். பேனாவைக் குடுத்தா, பாம்பைக் குடுத்த மாதிரி கையை இழுத்துக்கறார். ஏன்னு கேட்டா, விடு ஹெல்விங்கறார். காலே போனாலும் பரவாயில்லையாம். எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு."

கோரா எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். பின்னாலேயே டெல்மர்.

ரெய்னோ டிவியின் சத்தத்தைக் குறைக்கவில்லை. "மேடம், உங்களை அவ கூப்பிட்டா. நான் கூப்பிடலை."

"ஒரு கேள்விதான். ஏன் போட மாட்டேங்கறீங்க?"

"நாற்பது வருஷம் லாரி ஓட்டினேன். லாரி பாரத்தை நிறுக்கற எடை மேடையில ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை."

"ஒரு தடவைகூடவா?"

"மேடையே இல்லாத ரோடாப் பார்த்துப் போயிருக்கேன்," என்றார் ரெய்னோ. "பொய் சொன்னதில்லை."

டிவியின் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

சமையலறைக்குத் திரும்பியபோது மேஜையில் சூடாக பேஸ்டி காத்திருந்தது. இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட, சுரங்கத்துக்கு எடுத்துப்போகிற பலகாரம். கோராவின் முன்னோர்கள் இங்கிலாந்திலிருந்து அதை இங்கே கொண்டுவந்த கார்ன்வால்காரர்கள். மற்றவர்கள் செய்கிற பேஸ்டியை அவள் பரிசோதனைக்கூடத்தில் எடுப்பதுபோல்தான் எடுப்பாள். ஒரு கடி கடித்தாள். முகம் கோணியது.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?"

"ஏலக்காய். மேல்மாவுல."

"பேஸ்டியிலயா?"

"எங்கம்மா கைப்பக்குவம். இனிப்பு ரொட்டிக்குப் போடற ஏலக்காயை இதுக்கும் போடுவாங்க. இந்த மாவட்டத்துல வேற ஒரு வீட்லயும் கிடைக்காது."

"கிடைக்காமல் இருக்கறதே நல்லது," என்றாள் கோரா. டெல்மர் அதற்குள் இரண்டாவதை எடுத்திருந்தான்.

"கூடப்பிறந்தவங்க யாராவது செய்யறாங்களா?"

"எனக்கு யாரும் கிடையாது," என்றாள் ஹெல்வி. துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள்.

"பணம் எதுக்கெல்லாம் செலவாச்சு?"

"டாக்டர், மாத்திரை, ஊசி. அப்புறம் போர்ட் அமாண்டாவுல பிசியோதெரபி. அங்கதான் எனக்குச் சந்தேகம். மாவு பிசையற மாதிரி என்னைப் பிசையறாங்கன்னு சொல்லிட்டு அவர் ரெண்டு வருஷமா அந்தப் பக்கமே போகலை. போன வாரம் வேற எதுக்கோ அங்க போன் பண்ணினேன். அந்தம்மா சொல்றா, உங்க வீட்டுக்காரர் வியாழக்கிழமை வந்தாரேன்னு. வியாழக்கிழமை அவர் இதே மேஜையில உட்கார்ந்து என்னைத் திட்டிட்டிருந்தார். வராத ஆளுக்கு வந்ததாச் சொல்லிக் காசு பிடுங்கறாங்க மேடம். இவர் அதைக் கண்டுபிடிச்சிருக்கார். அதான் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். வம்பு வேண்டாம்னு என்கிட்டயும் மறைக்கறார்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. டெல்மர் பேனாவை வெளியே எடுத்தான்.

போர்ட் அமாண்டா போகிற வழியெல்லாம் டெல்மர் வழக்கை முடித்துவைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினான்.

"போய் நின்ன உடனே கேட்போம் மேடம். அந்தம்மா மூஞ்சியில ஈயாடாது. அழுவா. நான் கைக்குட்டை குடுப்பேன். நீங்க மன்னிப்பீங்க. நாலு மணிக்கு வீடு."

"உன் கைக்குட்டையைப் பார்த்துட்டு அழறதை நிறுத்திடுவா."

ஆனால் அந்த மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த பெர்னடெட்டுக்கு அழுகிற உத்தேசமே இல்லை. அறுபது வயசிருக்கும். கழுத்தில் இரண்டு கண்ணாடிகள் தொங்கின. தலையில் ஒன்று இருந்தது.

"ரெய்னோவா? தங்கமான மனுஷர். என்ன ஆச்சு அவருக்கு? நல்லாத்தானே இருக்கார்?"

"இங்க வழக்கமா வருவாரா?" என்றாள் கோரா.

"நானும் புது டாக்டரும் இங்க வந்து ஒரு வருஷம் ஆச்சு, அதுலேர்ந்து வியாழக்கிழமை தவற மாட்டார். நவம்பர் பதினைஞ்சு, வேட்டை ஆரம்பிக்கற நாள், அன்னைக்குக்கூட வந்தார். எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு. உடம்பு சரியில்லையா ரெய்னோன்னு கேட்டேன். உடம்பு சரியில்லாமத்தானே இங்க வரேன், இன்னைக்குன்னா கூட்டம் இருக்காதுன்னார். அன்னைக்கு இந்தக் கட்டிடத்துக்குள்ள வந்த ஒரே ஆம்பளை அவர்தான். எங்க டாக்டரே காட்டுல இருந்தார், நர்ஸம்மா வந்து பார்த்தாங்க."

டெல்மர் வாயைத் திறந்தான். கோரா அவன் காலை மிதித்தாள்.

"ஆள் எப்படி இருப்பார்?"

"வெள்ளைத் தாடி. கட்டம் போட்ட சட்டை. ஆரஞ்சுத் தொப்பி. நிக்கும்போது கொஞ்சம் ஒரு பக்கமாச் சாய்வார்."

"மேல் மிச்சிகன்ல பாதிப் பேர் அப்படித்தான் இருக்காங்க," என்றான் டெல்மர். "மீதிப் பாதி அவங்க பொண்டாட்டிகள்."

பெர்னடெட் சிரித்தாள். "நன்றிக்கடனா பேஸ்டி சுட்டுக் கொண்டுவருவார். அவரே செய்யறதாம். நேத்து கொண்டுவந்ததுல ஒண்ணு மிச்சம் இருக்கு, பாதி சாப்பிடறீங்களா?"

இன்னொரு பேஸ்டியா என்று கோரா கையை ஆட்டித் தடுத்தாள். பாதி தடுத்ததும் நிறுத்திவிட்டாள். வாங்கிக் கடித்தாள். டெல்மர் அவள் முகத்தைப் பார்த்தான். காலையில் கோணியது போலவே, அதே பக்கமாகக் கோணியது.

வண்டிக்குள் வந்து கதவைச் சாத்தியதும் டெல்மர் வெடித்தான். "பச்சைப் பொய் மேடம். நவம்பர் பதினைஞ்சு காலையிலேர்ந்து இருட்டற வரைக்கும் ரெய்னோ கம்பத்தடியில உட்கார்ந்து என் மானத்தை வாங்கிட்டிருந்தார். நானே சாட்சி. ஊரே சாட்சி."

"அதனாலதான் அவ பொய் சொல்லலைங்கறேன்."

"எதனால?"

"வராத ஆளை வந்தான்னு பொய் சொல்றவ எந்த நாளைச் சொல்லுவா? எல்லாரும் நம்பற நாளைச் சொல்லுவா. இந்த ஊர்ல வேட்டை ஆரம்பிக்கற நாள்ல ஒரு ஆம்பளை முதுகைப் பிடிச்சுவிட வந்தான்னு பொய் சொல்ல எவளுக்கும் தைரியம் வராது. நிஜமா நடந்ததாலதான் சொல்றா. ஆள் வந்திருக்கான். வந்தவன் ரெய்னோ இல்லை. அவர் பேரைச் சொல்லி, அவர் கணக்கு அட்டையை நீட்டி, தன் முதுகைக் காட்டியிருக்கான்."

டெல்மர் யோசித்தான். "அப்ப அட்டையைத் திருடினவன்."

"திருடினா ரெய்னோ போலீசுக்குப் போயிருப்பார். அட்டையைக் குடுத்ததே அவர்தான். அதான் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். முழுப் பணமும் என் முதுகுக்குத்தான்னு எழுதினா பொய். அந்த மனுஷன் எடை மேடையைச் சுத்திப் போவார், ஏறி நின்னு பொய் சொல்ல மாட்டார்."

"சரி, எந்த முதுகு?"

"அதை நான் ரெண்டு தடவை மென்னுட்டேன்," என்றாள் கோரா. "காலையில ஒண்ணு, இப்ப ஒண்ணு. பேஸ்டியில ஏலக்காய் போடற கொடுமையை ஒரே அம்மாகிட்டதான் கத்துக்க முடியும்."

"ஹெல்விதான் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லைன்னாங்களே."

"சொல்லிட்டு மேஜையைத் துடைச்சா. அதுல துடைக்க ஒரு துரும்புகூட இல்லை. உங்க அத்தைக்குப் போன் போடு."

டெல்மரின் அத்தை கூட்டுறவுக் கடையில் கல்லாவில் இருப்பவள். நெஸ்டர்வில்லில் அவளுக்குத் தெரியாமல் ஒரு முட்டைகூட உடையாது. ஹெல்வி பேரை டெல்மர் சொன்னதுதான் தாமதம், அத்தை கொட்டினாள். அவன் கேட்டுக் கேட்டுச் சொன்னான்.

"ஹெல்விக்கு ஒரு தம்பி உண்டாம். ஆர்வோ. அப்பா சாகும்போது காட்டுல மான் வேட்டைக்குத் தங்கற கேம்பு வீட்டைத் தம்பி பேருக்கு மட்டும் எழுதி வெச்சுட்டாராம். பொம்பளைக்கு எதுக்குக் கேம்புன்னு. சாவு வீட்லயே சண்டை. அன்னியிலேர்ந்து ஹெல்விக்குத் தம்பி கிடையாது. பேரைச் சொன்னாலே அந்த இடத்தை விட்டு எழுந்துடுவாங்களாம். தம்பி அந்தக் கேம்புலயே தனியாக் குடியிருக்கான். அப்புறம் கேம்புக் கூரையிலேர்ந்து குடிச்சுட்டு விழுந்து முதுகு போயிடுச்சாம். ஆறு வருஷம் ஆச்சு."

"எந்த மாசம் விழுந்தானாம்?"

டெல்மர் கேட்டான். "மார்ச்."

"லாரி கவிழ்ந்தது?"

"அதுவும் மார்ச்தான் மேடம். எனக்கே ஞாபகம் இருக்கு."

"மார்ச்ல காட்டுக்குள்ள பனி எவ்வளவு இருக்கும்?"

"கூரை விளிம்பைத் தொடும். நானே சின்ன வயசுல கூரையிலேர்ந்து சறுக்கி நேரா..." டெல்மர் நிறுத்தினான். "அட."

"விழறதுக்கே அங்க இடம் கிடையாது," என்றாள் கோரா. "விழுந்தா மெத்தையில உட்கார்ந்த மாதிரி இருக்கும். வண்டியைத் திருப்பு. ஹெல்வியை ஏத்திக்கணும்."

ஹெல்வி நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். திருடனைப் பார்க்கப் போகிறோம் என்றதும் கைப்பையில் எதையோ கனமாக வைத்துக்கொண்டாள். மாவு உருட்டுகிற கட்டை என்று டெல்மருக்குத் தோன்றியது. பத்து நிமிஷம் தைரியமாகத்தான் இருந்தாள். வண்டி நெடுஞ்சாலையை விட்டுக் காட்டுப்பாதைக்குள் திரும்பியதும் அவள் முதுகு நிமிர்ந்தது.

"இந்த ரோடு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். வண்டியைத் திருப்பு தம்பி."

டெல்மர் கோராவைப் பார்த்தான்.

"திங்கட்கிழமை வேணுமா, வேண்டாமா?" என்றாள் கோரா.

"அவன் எதுக்கு இதுல?"

"அதை அவன்தான் சொல்லணும். நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

ஹெல்வி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். மறுபடி திருப்பச் சொல்லவில்லை.

மரக் கேம்பின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பாதையில் பனியை யாரோ ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு மட்டும் வெட்டியிருந்தார்கள். கதவுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று பழைய சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. ஹெல்வி அதன் எதிரே நின்றாள்.

"அப்பா எழுத்து," என்றாள். "இந்த வாசல்ல எத்தனையோ தடவை சாப்பாட்டுத் தூக்கைக் குடுத்துட்டுத் திரும்பியிருக்கேன். உள்ளே எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

கோரா கதவைத் தட்டினாள். திறந்தவருக்கு வெள்ளைத் தாடி. கட்டம் போட்ட சட்டை. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். அக்காவைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"அக்கா," என்றார் ஆர்வோ.

"நான் உன்கிட்டப் பேச வரலை," என்றாள் ஹெல்வி. "எங்க பணத்தை எடுத்துத் தின்னவன் எவன்னு பார்க்க வந்தேன்." பலகைக்குக் கீழே தலை குனியாமல், நிமிர்ந்து உள்ளே போனாள்.

ஒரே அறை. இரும்பு அடுப்பு, நாலு கட்டில், ஒரு மேஜை. ஆர்வோ யாரையும் உட்காரச் சொல்லவில்லை. டெல்மர் தானாக உட்கார்ந்தான்.

"திரு ஆர்வோ," என்றாள் கோரா, "மார்ச் மாசம் நீங்க கூரையிலேர்ந்து விழலை. எதுலேர்ந்து விழுந்தீங்க?"

ஆர்வோ அடுப்பைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "மாமா சொன்னாரா?"

"உங்க மாமா காலை விட்டாலும் விடுவாரே தவிர, உங்களை விட மாட்டார் போல இருக்கு. வாயே திறக்கலை. இடது பாதம் செத்துட்டிருக்கு. திங்கட்கிழமை ஆபரேஷன் நடக்கணும்னா நீங்க பேசணும்."

ஆர்வோ கட்டில் விளிம்பில் மெதுவாக, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தார். ரெய்னோ உட்காருகிற அதே மாதிரி இருந்தது. ஹெல்வி அதைக் கவனித்துவிட்டாள் என்று டெல்மருக்குத் தெரிந்தது.

"லாரியில நானும் இருந்தேன்," என்றார் ஆர்வோ. "மில்லுல என்னை அப்பத்தான் நிறுத்தியிருந்தாங்க. வேற இடத்துல வேலை கேட்கப் போகணும், வண்டி இல்லை. மாமா ஏத்திக்கிட்டார். வெளியாளை ஏத்தக்கூடாதுன்னு கம்பெனி சட்டம். வளைவுல பனியில சறுக்கிக் கவிழ்ந்துது. அவரை நான்தான் வெளியே இழுத்தேன். ரேடியோவுல ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அது வர்ற சத்தம் கேட்டதும் காட்டுக்குள்ள போயிட்டேன்."

"எதுக்கு?" என்றாள் ஹெல்வி. பேசமாட்டேன் என்று வந்தவள்.

"நான் இருந்தது தெரிஞ்சா அவருக்கு நஷ்டஈடு கிடைக்காதுன்னு பயம். அவருக்கு வேலை போகும், வீட்டுக் கடன் பாக்கி இருந்துது. நீங்க ரெண்டு பேரும் தெருவுல நிப்பீங்க." ஆர்வோ தாடியைத் தடவினார். "அப்ப வலியே தெரியலை. கேம்புக்கு வந்து படுத்தேன். மறுநாள் எழுந்திருக்க முடியலை. கேட்டவங்களுக்குக் கூரைன்னு சொன்னேன்."

ஹெல்வி கைப்பையின் பிடியைத் திருகினாள்.

"கூரையிலேர்ந்து விழுந்தான்னு கூட்டுறவுக் கடையில சொன்னாங்க," என்றாள் ஹெல்வி. "குடிச்சிருப்பான், நல்லா வேணும்னு நான் சொன்னேன். எல்லாரும் கேட்கறாப்பல சொன்னேன்."

"தெரியும். வந்து சொன்னாங்க."

"அந்தக் கடைக்காரிக்கு வேற வேலை கிடையாது," என்றாள் ஹெல்வி. டெல்மர் தன் அத்தையின் பொருட்டுக் கூரையைப் பார்த்தான்.

"மாமா ஒரு நாள் வந்து அட்டையை நீட்டினார்," என்றார் ஆர்வோ. "இந்தப் பணத்துல பாதி உன் முதுகோடதுன்னார். வேண்டாம்னேன். வாங்கலைன்னா ஹெல்விகிட்டச் சொல்லிடுவேன்னார். அதுக்குப் பயந்துதான் வாங்கினேன்."

டெல்மருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடமா என்று தெரியாமல் இருமினான்.

ஹெல்வி ஜன்னல் பக்கம் போனாள். கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ரெண்டு கிழட்டுக் கழுதைகள். ஒருத்தராவது என்கிட்டச் சொன்னீங்களா? மேடம், இப்ப என்ன செய்யணும்?"

"பெரிய விஷயம் இல்லை," என்றாள் கோரா. "இவர் முதுகுக்குப் போன பங்கு அந்தக் கணக்குக்குத் திரும்ப வரணும். நடந்ததை வக்கீல் வெச்சு ஒளிக்காமல் எழுதிக் குடுக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி இருக்கா, நாளைக்கே கூட்டிட்டு வரேன். திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு முதல்ல அந்தப் பணம் போகும். அது தீர்ந்ததும் மெடிகேர். உண்மையான கணக்குன்னா ரெய்னோ ஒரு கையெழுத்து இல்லை, ஒன்பது போடுவார்."

"பணத்துக்கு நான் வழி பண்றேன்," என்றார் ஆர்வோ. "டெட்ராய்ட்லேர்ந்து ஒரு பல் டாக்டர் இந்தக் கேம்பைக் கேட்டுட்டே இருக்கார். காலையில போன் போட்டா சாயங்காலம் பணம்."

"பல் டாக்டரா?" ஹெல்வி திரும்பிய வேகத்தில் கைப்பை மேஜையில் இடித்தது. உள்ளே நிஜமாகவே கட்டைதான். "அப்பா கேம்பை ஒரு பல் டாக்டருக்கு விப்பியா? அவன் வந்து இங்க பளிங்குக்கல் போட்டுக் குளியல் தொட்டி வெப்பான்."

"வேற வழி இல்லை அக்கா."

"பாதியை நான் வாங்கிக்கறேன். பள்ளிக்கூடச் சமையல்ல சேர்த்தது அப்படியே கிடக்கு. அது உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் ரகசியம் வெச்சுக்கத் தெரியுமா?"

"பொம்பளைங்க பேருக்குக் கேம்பு எழுதக்கூடாதுன்னு அப்பா..."

ஹெல்வி நேராக வாசலுக்குப் போனாள். பலகை ஒரே இழுப்பில் ஆணியோடு வந்தது. அதை அடுப்புக்குள் செருகினாள். பழைய பெயின்ட் நன்றாகவே பிடித்துக்கொண்டது.

"அப்ப இவர் முதுகு?" என்றான் டெல்மர். "வியாழக்கிழமை நின்னுபோயிடுமே."

"நின்னா நிக்கட்டும்," என்றார் ஆர்வோ. "எனக்கு இன்ஷூரன்ஸ் எதுவும் கிடையாது. எங்க போனாலும் எப்படி அடிபட்டுதுன்னு கேட்பாங்கன்னு நான் எங்கயும் பேர் குடுக்கலை. இத்தனை நாள் மாமா தயவுல ஓடிச்சு."

கோரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முதல் தடவையாகச் சிரித்தாள். "அறுபத்தஞ்சு ஆயிட்டா மெடிகேர் உங்களுக்கும் உண்டு. உங்க முதுகு யார்கிட்டயும் நஷ்டஈடு வாங்கலை. அதனால ஒதுக்கி வெக்க ஒண்ணும் இல்லை. முதல் நாள்லேர்ந்தே அரசாங்கம் பார்க்கும். நஷ்டஈடு வாங்கினவர்தான் வரிசையில நிக்கணும். உங்களுக்கு எப்ப அறுபத்தஞ்சு?"

கேம்பில் தனியாக இருக்கிற ஆளுக்கு வருஷமெல்லாம் ஒன்றுதான். ஆர்வோ விரலை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார்.

"ஜனவரி பதினெட்டு," என்றாள் ஹெல்வி, அடுப்பைக் கிளறிக்கொண்டே. "வெள்ளிக்கிழமை வருது."

ஆர்வோவின் விரல்கள் பாதி மடங்கியபடி நின்றுவிட்டன.

"என்ன பார்க்கறே?" என்றாள் ஹெல்வி, தம்பியைத் திரும்பிப் பார்க்காமலே. "கோட்டை எடுத்து மாட்டு. உங்க மாமா சாப்பிடாமக் காத்திட்டிருப்பார்."